காற்றிலிருந்து உளுந்துக்கு

தை மாதம் காவிரி டெல்டாவில் சம்பா அறுவடைக்குச் சில நாள் முன்பு, மண் மெழுகு பதத்தில் இருக்கும்போதே, நிற்கும் நெற்பயிருக்குள் உளுந்தைத் தூவிவிடுகிறார்கள். உழவு இல்லை, பாசனமும் இல்லை. நெல் விட்டுவைத்த ஈரத்திலும் பனியிலும் வளர்ந்து, எழுபது எழுபத்தைந்து நாளில் காய் முற்றிவிடுகிறது. அந்தப் பருப்பிலுள்ள புரதத்துக்கான நைட்ரஜனில் கணிசமான பங்கு வயலின் மேல் வீசும் காற்றிலிருந்து வந்தது.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன்தான். ஆனால் அதன் அணுக்கள் இரண்டிரண்டாக, மும்மைப் பிணைப்பால் இறுகிக் கிடப்பவை. அதைப் பிரிக்க உரத் தொழிற்சாலைக்கு 400 டிகிரி செல்சியஸ் அளவு வெப்பமும், வளிமண்டலத்தைப் போல நூறு மடங்குக்கும் மேலான அழுத்தமும் தேவை. உளுந்தின் வேரிலோ அதே வேலை மண்ணின் இயல்பான சூட்டில் நடக்கிறது.

செய்வது வேரல்ல, பாக்டீரியா. இளம் வேர் கசியவிடும் ஃபிளேவனாய்டு என்ற வேதிப்பொருள்களை அருகிலிருக்கும் பிராடிரைசோபியம் என்ற பாக்டீரியா உணர்ந்து, பதிலுக்குத் தானும் ஒரு பொருளைச் சுரக்கிறது. வேர்த்தூவி சுருண்டு பாக்டீரியாவை உள்ளே வாங்கிக்கொள்ள, அந்த இடத்தில் முடிச்சு எழும்புகிறது. அந்த முடிச்சுக்குள் வாழ்வதைப் பிரித்தெடுத்து வளர்த்துக் காட்டியவர், 1888இல், நெதர்லாந்தின் விஞ்ஞானி பெய்ஜரிங்க். நீர் தேங்கிக் கிடந்த நெல்வயலில் இந்தப் பாக்டீரியா குறைந்திருக்கக்கூடும். அதனால்தான் ரைசோபியம் நுண்ணுயிர் உரத்தை ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து விதையில் பூசச் சொல்கிறார்கள்.

முடிச்சுக்குள் நைட்ரஜனைப் பிரித்து அம்மோனியாவாக்குவது நைட்ரோஜினேஸ் என்ற நொதி. இரும்பும் மாலிப்டினமும் கொண்ட அது ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். ஆனால் பாக்டீரியா மூச்சுவிட ஆக்சிஜன் வேண்டும். இந்தச் சிக்கலைச் செடி தீர்த்திருக்கும் விதம் எனக்குத் தீராத வியப்பு. நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினுக்கு உறவான லெக்ஹீமோகுளோபினை அது முடிச்சுக்குள் நிரப்புகிறது. இந்தப் புரதம் ஆக்சிஜனைப் பிடித்துவைத்து, தேவையான அளவு மட்டும் பாக்டீரியாவுக்குக் கொடுக்கிறது. முடிச்சை நகத்தால் கிள்ளிப் பாருங்கள்: உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது, பச்சையோ பழுப்போ ஆகிவிட்டால் முடிந்துவிட்டது.

இதற்கெல்லாம் செடி தன் சர்க்கரையைக் கொடுத்துத்தான் ஈடு செய்கிறது. மண்ணில் யூரியா தாராளமாக இருந்தால் அந்தச் செலவை மிச்சம்பிடிக்க, முடிச்சு விடுவதையே குறைத்துக்கொள்ளும்.

முடிச்சில் உண்டான அம்மோனியா யூரைடு என்ற நைட்ரஜன் சேர்மங்களாக மாறித் தண்டில் ஏறி, இலை வழியாகக் காய்க்குப் போய்ச் சேர்கிறது. பருப்போடு பெரும்பகுதி வயலை விட்டு வெளியேறிவிடும். பயறு போட்டாலே நிலம் வளமாகிவிடும் என்ற பேச்சில் பாதிதான் உண்மை. செடியை வேரோடு பிடுங்கிக் களத்துக்குக் கொண்டுபோனால் மண்ணுக்கு மிஞ்சுவது உதிர்ந்த சருகு மட்டுமே. அரிவாளால் அடியில் அறுத்து, வேரை மண்ணிலேயே விடுவது மேல்.

விட்ட வேரும் சருகும் கோடையில் மக்கி, அவற்றின் நைட்ரஜனில் ஒரு பகுதி நைட்ரேட்டாகிறது. மரபுப்படி ஜூன் 12இல் மேட்டூர் அணை திறந்து, குறுவை நெல்லுக்கு வயலில் நீர் நிரம்பினால் ஆக்சிஜன் அற்ற சேற்றில் வேறு பாக்டீரியாக்கள் அந்த நைட்ரேட்டை வாயுவாக்கி வெளியேற்றிவிடும். உளுந்துக்கும் குறுவைக்கும் இடையில் பசுந்தாள் உரமாகத் தக்கைப்பூண்டு விதைத்திருந்தால் அது நைட்ரேட்டை உறிஞ்சித் தன் தழையில் வைத்துக்கொள்ளும். பூக்கும் பருவத்தில் மடக்கி உழுதால், அழுகும் தழையிலிருந்து குறுவைப் பயிர் அதை எடுத்துக்கொள்ளலாம்.