சமுதாயக் கல்லூரி வழிக் கணினி அறிவியல் (கலிபோர்னியா)

கலிபோர்னியாவில் முதல் இரண்டு ஆண்டுகளைச் சமுதாயக் கல்லூரியில் படித்து, மூன்றாம் ஆண்டில் பல்கலைக்கழகத்தில் சேரும் முறை. 1960இல் வகுக்கப்பட்ட மாநில உயர்கல்விப் பெருந்திட்டமே இதன் அடித்தளம். மாநிலவாசிகளுக்குக் கட்டணம் ஓர் அலகுக்கு 46 டாலர். எளிய குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இதைவிட நியாயமான வாசல் அமெரிக்க உயர்கல்வியில் அரிது. மாறிச் செல்ல 60 செமஸ்டர் அலகுகள் வேண்டும்.

கணினி அறிவியல் மாணவர்கள் பலர் இடறுவது பாட வரிசையில்தான். நிரலாக்க அடிப்படை முடிந்தால்தான் தரவுக் கட்டமைப்பு. நுண்கணிதம் முடிந்தால்தான் அதற்கு மேற்பட்ட கணிதம். தொடக்கத்திலேயே நுண்கணிதத்துக்கு ஆயத்தமாகாதவருக்கு இரண்டு ஆண்டு மூன்றாக நீளலாம். அது தோல்வியாகாது, அவசரப்பட்டு அரைகுறைக் கணிதத்தோடு போவதே ஆபத்து. எந்தப் பாடத்தை எந்த வளாகம் ஏற்கும் என்பதை ‘அசிஸ்ட்’ என்னும் மாநில இணையத் தரவுத்தளத்தில் காணலாம்.

கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் ஆறு வளாகங்கள் தகுதி பெற்றவர்களுக்குச் சேர்க்கை உத்தரவாதம் தருகின்றன. பெர்க்லி, லாஸ் ஏஞ்சலஸ், சான் டியாகோ தருவதில்லை. சான்டா பார்பராவிலும் கணினி அறிவியல் இடம்பெறும் பொறியியல் கல்லூரிக்கு உத்தரவாதம் பொருந்தாது. ஆகவே, சேர விரும்புவோர் முதல் செமஸ்டரிலேயே பல வளாகங்களின் பாடத் தேவைகளை ஒப்பிட்டுத் திட்டமிடுவது அவசியம்.