திரைக்குள்ளிருந்து வந்த குரல்

ரயில் நிலையப் பலகையில் திருப்பாதிரிப்புலியூர். ஊர்ச்சனத்துக்குத் திருப்பாப்புலியூர். அரசன் கல்லோடு கட்டிக் கடலில் தள்ளிய அப்பர் பாடிக்கொண்டே கரையேறியது இங்கேதான் என்பது ஐதீகம். அதிகாரத்தை மீறிப் பாடியவருக்குக் கோயிலில் இடம் கிடைத்துவிட்டது. எல்லாப் பாட்டுக்காரருக்கும் அது கிடைப்பதில்லை.

அதே ரயிலில் தெற்கே போனால் சிதம்பரம். அண்ணாமலை நகரில் 1941இல் தமிழிசை மாநாடு கூடியது. கச்சேரி மேடையில் தமிழுக்கு முதலிடம் கேட்டார்கள், நியாயமான கோரிக்கைதான். ஆனால் தமிழிசையின் வரலாற்றை அங்கிருந்து தொடங்குகிற சொல்லாடல் ஒன்றை மறைக்கிறது. சபாக்கள் யோசித்துக்கொண்டிருந்த காலத்தில், கொட்டகைகளில் விடிய விடியத் தமிழ்ப்பாட்டுத்தான். அங்கே இது ஒரு பிரச்சினையாகவே இருக்கவில்லை.

சங்கரதாஸ் சுவாமிகளின் நாடகங்களை ஸ்பெஷல் நாடகக்காரர்கள் ஊர் ஊராகக் கொண்டுபோனார்கள். ஒலிபெருக்கி வராத காலம். கடைசி வரிசைத் தரை டிக்கெட்டுக்காரனுக்கும் கேட்க வேண்டுமென்றால் சுருதியைத் தூக்கித்தான் பாடியாக வேண்டும். நடிகர் முதலில் திரைக்குள்ளிருந்தே பாடுவார். முகத்தைப் பார்க்குமுன் குரலை எடைபோட்டுவிடும் சனம். பிடிக்கலேன்னா சத்தம் போட்டு அடக்கிவிடும். விமர்சகர்கள் இதையெல்லாம் ‘கத்தல்’ என்று ஒதுக்கினால், அது எந்தக் காதுகளின் தீர்ப்பு என்று நாம் திருப்பிக் கேட்கலாம்.

கிட்டப்பாவின் குரலும் கே.பி. சுந்தராம்பாளின் குரலும் இசைத்தட்டில் ஏறின; இன்றும் கேட்கலாம். நான் பேச வந்தது எஸ்.எஸ். விஸ்வநாத தாஸ் பற்றி. 1886இல் சிவகாசியில், மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர். நாவிதர் என்று சாதி விலக்கி வைத்த சமூகம். அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகளும் உண்டு. தேசத்துக்காகப் பாடியவரைத் தேசபக்தர்களின் மேடைக்குள்ளேயே தீண்டாமை துரத்தியது.

‘வள்ளி திருமணம்’ நாடகத்தில் வள்ளி தினைப்புனத்தில் பறவை விரட்டுவாள். அந்த இடத்தில் மதுரகவி பாஸ்கரதாஸின் பாட்டு ஒன்று நுழைந்தது. விரட்டப்படுவது வெள்ளைக் கொக்கு. யார் அந்தக் கொக்கு என்று யாரும் விளக்கவில்லை, சனத்துக்குப் புரிந்தது. போலீசுக்கும் புரிந்தது. 1876ஆம் ஆண்டு நாடகச் சட்டம் கையிலிருந்தாலும், புராணக் கதையின் நடுவில் நுழைகிற பாட்டை முன்கூட்டியே பிடிப்பது எப்படி? பாடின பிறகு பாடினவரைத்தான் பிடிக்க முடிந்தது. தாஸ் பலமுறை சிறை போனார், வெளியே வந்து மறுபடியும் பாடினார்.

1940 டிசம்பர் 31, சென்னை. அன்றும் வள்ளி திருமணம்தான். முருகனாக மயில்மேல் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தவரின் உயிர் அந்த மேடையிலேயே போயிற்று. அண்ணாமலை நகரில் மாநாடு கூடியது அதற்கடுத்த ஆண்டு.