சமவெளியில் பழகும் பிரேக்

1898இல் பேரளத்திலிருந்து காரைக்காலுக்கு ரயில் வந்தது. 1980களில் அது நின்றதும் சுமை முழுதும் லாரிகளின் தலையில் ஏறியது. 2009இல் காரைக்காலின் வாஞ்சூர் துறைமுகம் திறந்த பின் நிலக்கரி லாரிகளும் சேர்ந்துகொண்டன.

இந்த லாரிகளை நிறுத்துவது பிரேக் டிரம்மில் உராயும் லைனிங். இங்கிலாந்தில் குதிரை வண்டிக்காரர்கள் சக்கரத்தில் பழைய பூட்ஸ் தோலை அழுத்தி வேகம் குறைத்ததைக் கவனித்த ஹெர்பர்ட் ஃப்ரூட், 1897இல் ஃபெரோடோ நிறுவனத்தைத் தொடங்கினார். பிரேக் லைனிங் தொழில் அங்கிருந்து வளர்ந்தது. பிறகு பல காலம் கல்நாரே அதன் மூலப்பொருள். அந்தத் தூசு தொழிலாளர்களின் நுரையீரலைத் தின்றது; இந்தத் தொழிலின் மிகப் பெரிய துயரம் அதுதான். இதே தொழிலில் சென்னையில் ரானே நிறுவனம் 1964இலும், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 1974இலும் தடம் பதித்தன.

புது லைனிங் முதலில் டிரம்மை முழுதாகத் தொடாது. மேடான இடங்களில் மட்டும் உராயும். சூடு அங்கேயே குவியும். அவசரமாக அழுத்தினால் பரப்பு கண்ணாடிபோல் வழுக்கிப் பிடிமானம் போகும். மிதமான வேகத்தில் இதமாகப் பலமுறை அழுத்தி, இடையிடையே ஆறவிட வேண்டும். முழுச் சுமை அதற்குப் பிறகுதான்.

இதற்கு வெறிச்சோடிய நேர்ச்சாலை வேண்டும். காரைக்கால் இருக்கும் காவிரி டெல்டாவின் சமதரை வசதிதான். ஆனால் நாகப்பட்டினம் சாலையில் ஊருக்கு ஊர் வேகத்தடை, சைக்கிள், பள்ளிப் பிள்ளைகள்.