சிவப்புக் கோட்டைப் போட்டது யார்?



போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். மலைப்பாதையில் இறங்கும்போது நான்காவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு மாற்றப் போய், தவறுதலாக முதல் கியரில் போட்டுவிட்டானாம். வால்வுகள் வளைந்து, இன்ஜினையே பிரிக்கும்படி ஆகிவிட்டது. "சிவப்புக் கோட்டைத் தாண்டவிடாம கம்ப்யூட்டரே தடுக்கும்னாங்களே சார்?" என்றான். நாற்பது வயது ஆளை மறுபடி பெஞ்சில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினேன்.

ஆர்.பி.எம். மீட்டரில் இருக்கும் அந்தக் கோடு சும்மா போட்டதல்ல. இன்ஜின் நிமிடத்துக்கு 6,000 முறை சுற்றினால், ஒவ்வொரு வால்வும் நொடிக்கு 50 முறை திறந்து மூட வேண்டும். திறப்பது கேம், மூடுவது ஸ்பிரிங். வேகம் கூடினால் ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கால் ஈடுகொடுக்க முடியாது. வால்வு மூடுவதற்குள் பிஸ்டன் மேலே வந்துவிடும். பிஸ்டனுக்கும் கனெக்டிங் ராடுக்கும் வேறொரு ஆபத்து: சுழற்சி இரண்டு மடங்கானால் அவற்றை இழுக்கும் விசை நான்கு மடங்காகும். இவற்றில் எது முதலில் தோற்குமோ, அதற்குச் சற்றுக் கீழேதான் பொறியாளர் கோடு போடுகிறார்.

அந்தக் கோட்டை மேலே தள்ளியதுதான் பந்தயக் கார்களின் வரலாறு. 1954இல் மெர்சிடிஸ் தன் டபிள்யூ 196 காரில் ஸ்பிரிங்கையே நீக்கி, மூடுவதற்கும் தனியாக ஒரு கேம் வைத்தது. ரீம்ஸில் நடந்த முதல் பந்தயத்திலேயே ஃபாஞ்சியோ முதலிடம், கிளிங் இரண்டாமிடம். 1986இல் ரெனோ, உலோக ஸ்பிரிங்குக்குப் பதிலாக அழுத்தப்பட்ட வாயுவைப் பயன்படுத்தியது. 2006இல் காஸ்வொர்த் இன்ஜின் 20,000 சுற்றுகளைத் தொட்டது. செலவும் வேகமும் கைமீறவே, ஃபார்முலா ஒன் விதிகள் 2007இல் 19,000 என்றும், 2009இல் 18,000 என்றும் வரம்பு கட்டின. அதுவரை உலோகம் போட்ட கோட்டை அப்போது சட்டம் போட்டது.

சாலைக் கார்களில் 1999இல் வந்த ஹோண்டா எஸ் 2000 சிவப்புக் கோட்டை 9,000 வரை கொண்டுபோனது. பிஸ்டன் ஒரு ஓட்டத்தில் நகரும் தூரம் 84 மில்லிமீட்டர். கணக்குப் போட்டால், பிஸ்டனின் சராசரி வேகம் நொடிக்கு 25.2 மீட்டர். அதுவும் ஒவ்வொரு சுற்றிலும் இரண்டு முறை நின்று, திரும்பி ஓடும் ஓட்டம்!

சரி, என் மாணவனைக் கம்ப்யூட்டர் ஏன் காப்பாற்றவில்லை? இன்ஜின் தன் சக்தியால் வரம்பை மீறும்போது அது எரிபொருளை நிறுத்தும். ஆனால் அன்று இன்ஜினைச் சுற்றியது பெட்ரோல் அல்ல, சக்கரங்கள். வண்டியின் எடையும் மலைச்சரிவும் சேர்ந்து சுற்றவைத்ததைக் கம்ப்யூட்டர் எப்படி நிறுத்தும்?

ஆகவே நண்பர்களே, இறக்கத்தில் கியரைக் குறைக்கும்போது அவசரம் வேண்டாம். பிரேக் பிடித்து வேகத்தைக் குறைத்த பிறகு மாற்றுங்கள். கிளட்சை மெதுவாக விடுங்கள். இன்ஜின் அலறினால் உடனே கிளட்சை மிதித்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்குப் பின்னால் உடைந்துபோன எத்தனையோ இன்ஜின்களின் அனுபவம் இருக்கிறது.