அளவுகோலின் வரலாறு

கிரிஸ்கோ என்பது யாது? மருந்தா, கிருமிநாசினியா, பற்பசையா, உணவுப் பொருளா? கிறிஸ்டி மாத்யூசன் யார்? எழுத்தாளரா, ஓவியரா, பேஸ்பால் ஆட்டக்காரரா, நகைச்சுவை நடிகரா?

விழிக்கிறீர்கள், தோழர்களே! அமெரிக்கக் கடைவீதியையும் ஆடுகளத்தையும் கண்டிராத எவரும் விழிக்கத்தான் செய்வர். கிரிஸ்கோ, சமையற் கொழுப்பு. மாத்யூசன், பேஸ்பால் வீரர். முதல் உலகப் போரின்போது, ஆங்கிலம் படிக்கத் தெரிந்த அமெரிக்கப் படையினருக்குத் தரப்பட்ட அறிவுத்திறன் தாளிலே இருந்த கேள்விகள் இவை. ஏறத்தாழ 17 இலட்சம் பேரை இத்தகைய தேர்வுகளால் அளந்தனர் மனநூல் வல்லுநர்கள். அளந்தது அறிவையா, அங்காடிப் பழக்கத்தையா?

பிரின்ஸ்டன் பல்கலைக் கழகத்துக் கார்ல் பிரிகாம், அந்த எண்களை எடுத்து வைத்துக்கொண்டு 1923இல் ஒரு நூல் எழுதினார். வட ஐரோப்பிய வெள்ளையர் அறிவில் மேலோர். இத்தாலியர், போலந்துக்காரர், கறுப்பின மக்கள் கீழோர். இரத்தம் கலந்தால் நாடு கெடும்! மனுவை அறிந்த நமக்கு இந்த ராகம் புதிதல்ல; தாளம்தான் புதிது. அங்கே சுலோகம் இல்லை, புள்ளிவிவரம் இருந்தது. அவ்வளவே.

அந்தப் புள்ளிவிவரமே அவருக்கு எதிராகச் சாட்சி சொல்லிற்று என்பதுதான் வேடிக்கை. குடியேறியவர்களிலே, அமெரிக்காவில் 20 ஆண்டு வாழ்ந்தவர் மதிப்பெண் உயர்ந்திருந்தது. 5 ஆண்டுக்குள் வந்தவருடையது தாழ்ந்திருந்தது. மொழியும் பழக்கமும் கைவந்ததால் உயர்ந்தது என்று உணர்வதற்குப் பேராசிரியர் பட்டமா வேண்டும்? பிரிகாமோ, முன்னே வந்தவர்கள் உயர்ந்த இனத்தவர், பின்னே வந்தவர்கள் தாழ்ந்தவர் என்று பொருள் கூறினார்!

கல்லூரியில் இடம் கோருவோருக்காக 1926 ஜூன் 23 அன்று முதன்முதலாக நடத்தப்பட்ட எஸ்.ஏ.டி. தேர்வை வகுத்தவரும் இவரே. சுமார் 8,000 மாணவர்கள் எழுதினர். நான்கே ஆண்டுகளில், 1930இல், தமது முந்தைய ஆராய்ச்சி ஆதாரமற்றது என்று பிரிகாமே அச்சில் ஒப்புக்கொண்டார். தவறை ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் ஆசிரியர் கைவிட்ட கொள்கையின் நிழலிலே பிறந்த தேர்வு வளர்ந்துகொண்டேயிருந்தது.

ஆகவே தேர்வை ஒழித்துவிட்டால் நீதி பிறக்குமா? அவசரப்படாதீர்கள். ஹார்வர்டுக்குச் செல்வோம். அங்கே தேர்வெழுதி நுழைந்த யூத மாணவர் தொகை, 1922 அளவில், நூற்றுக்கு 20ஐத் தாண்டிற்று. தலைவர் லோவெல் பதறினார்; அளவு கட்டவேண்டும் என்றார். ஆசிரியர் குழு வெளிப்படையான வரம்புக்கு இணங்கவில்லை. பின்னர், 1926இல், வேறு வழி கண்டனர்: ‘பண்பு’ பார்ப்பது! புகைப்படம் கொடு, குடும்பத்தைச் சொல், பிறகு பார்க்கலாம் என்றனர். மதிப்பெண்ணுக்காவது கணக்குக் கேட்கலாம். ‘பண்பு’க்கு யாரிடம் கணக்குக் கேட்பது? லோவெலுக்குப் பின் 1933இல் வந்த கோனன்ட், செல்வரல்லாத வீட்டுப் பிள்ளைகளைத் தொலைதூர மாநிலங்களிலிருந்து உதவித்தொகையுடன் அழைக்க அதே எஸ்.ஏ.டி.யைக் கருவியாக்கினார். ஒரே கத்தி, கை மாறிற்று.

வினாத்தாள் தயாரிப்பதும் திருத்துவதும் என் தொழில். மதிப்பெண் பொய்யன்று, ஆயினும் அது முழு உண்மையும் அன்று. வீட்டிலே தனி ஆசிரியரும் நூலகமும் வாய்த்தவன் வாங்கும் 90ஐயும், விளக்கில்லா வீட்டுப் பிள்ளை வாங்கும் 80ஐயும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

கலிபோர்னியாப் பல்கலைக் கழக ஆட்சிக்குழு 2020இல் எஸ்.ஏ.டி.யைக் கைவிட முடிவு செய்தது. எம்.ஐ.டி. 2022இல் மீண்டும் கட்டாயமாக்கிற்று. டார்ட்மத் 2024இல் அவ்வழி திரும்பியபோது சொன்ன காரணம் சிந்திக்கத்தக்கது: எளிய குடும்பத்து மாணவர் சிலர், தமக்கு உதவியிருக்கக்கூடிய மதிப்பெண்ணையே குறைவென்று அஞ்சி அனுப்பாமல் மறைத்துவிட்டனராம்!

ராஜ் செட்டியும் அவருடன் ஆய்ந்தோரும் 2023இல் வெளியிட்டது இன்னும் கூர்மையானது. ஒரே மதிப்பெண் பெற்றவர்களுள், உச்சியிலுள்ள 1 விழுக்காட்டுச் செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு, நடுத்தரக் குடும்பத்துப் பிள்ளையைப்போல் இரு மடங்குக்கும் மேலான வாய்ப்பு, அந்நாட்டின் தலைசிறந்த தனியார் பல்கலைக் கழகங்களிலே. தந்தை படித்த கல்லூரி என்ற சலுகை, விளையாட்டுச் சேர்க்கை, மதிப்பெண்ணில் அடங்காத ‘தகுதிகள்’ ஆகியவற்றால் வந்த வேற்றுமை அது. பரம்பரைச் சலுகையையும் நன்கொடையாளர் சலுகையையும் தனியார் கல்லூரிகளிலும் தடுக்கும் சட்டத்தைக் கலிபோர்னியா 2024இல் இயற்றிற்று. 2025 செப்டம்பரில் அது நடைமுறைக்கு வந்தது.