கல்கத்தாவுக்கு வந்த லிவர்பூல் கார்

மலர்க் குழுவினர் "ஏதாவது சரித்திரக் கட்டுரை ஒன்று எழுது" என்று கேட்டபோது, வேலூர்க் கோட்டையையோ ஆம்பூர்த் தோல் தொழிலையோதான் மனதில் வைத்திருப்பார்கள். அவற்றை எழுத என்னைவிடத் தகுதியான சீனியர்கள் பலர் இருக்கிறார்கள். நான் எழுதப்போவது ஒரு விரல் நீளப் பொம்மை ரேஸ் காரைப் பற்றி. சிரிக்க வேண்டாம். இதில் சரித்திரமும் இருக்கிறது, நான் செய்த ஒரு பாவமும் இருக்கிறது.

2009. மெக்கானிக்கல் இரண்டாம் ஆண்டு. ஞாயிற்றுக்கிழமை ஆம்பூருக்குப் போயிருந்தோம். எதற்கு என்று விடுதியில் இருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பிரியாணியை முடித்துவிட்டு பஸ்ஸுக்கு நடக்கும்போது, பைபாஸ் ஓரம் ஒரு காயலான் கடையில் ஷூ கம்பெனித் தையல் மெஷின் பாகங்களுக்கு நடுவே இந்தக் கார் கிடந்தது.

"பாய், இது எவ்ளோ?"

"அதுவா? இருபது ரூபா குடு தம்பி, எடுத்துட்டுப் போ."

ஒரே ஆள் உட்காரும் பந்தயக் கார். கையில் நல்ல கனம். ஜன்னல் கம்பிக்கு அடிப்போமே, அந்த மாதிரிப் பச்சைப் பெயிண்ட், தடிமனாக. கம்ப்யூட்டர் லேபில் தேடியதில் வடிவம் பிடிபட்டது: இங்கிலாந்தின் டிங்கி கம்பெனி செய்த 'வான்வால்'. ஆனால் என் காரின் அடிப்பக்கத்தில் 'நிக்கி டாய்ஸ்' என்று இருந்தது. "டூப்ளிகேட்டுடா மச்சான்" என்றான் அறை நண்பன். நானும் நம்பினேன்.

உண்மையான வான்வாலைப் பற்றி மெக்கானிக்கல் மாணவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். டோனி வாண்டர்வெல் என்பவர் எஞ்சின் பேரிங் தயாரித்த தொழிலதிபர். அவருடைய 'தின்வால்' பேரிங்கின் பெயரில் பாதியும் தன் பெயரில் பாதியும் சேர்த்துத் தன் பந்தயக் காருக்கு 'வான்வால்' என்று பெயர் வைத்தார். 1957-ல் லிவர்பூல் அருகேயுள்ள எய்ன்ட்ரீ மைதானத்தில் ஸ்டிர்லிங் மாஸ், டோனி புரூக்ஸ் இருவரும் மாறி மாறி ஓட்டி பிரிட்டிஷ் கிராண்ட் பிரீ பந்தயத்தை வென்றது இந்தக் கார். 1958-ல் கார் தயாரிப்பாளர்களுக்கான உலக சாம்பியன் பட்டம் முதன்முதலாகக் கொடுக்கப்பட்டபோது அதைப் பெற்றதும் வான்வால்தான். டிங்கி பொம்மைகளைச் செய்த மெக்கானோ கம்பெனியின் ஆலையும் அதே லிவர்பூலில், பின்ஸ் ரோட்டில் இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது. ஊர்க்காரன் ஜெயித்த காரைப் பொம்மையாக்கி விற்றார்கள்.

அந்தப் பொம்மை ஆம்பூர்ப் பக்கம் வந்தது எப்படி? அந்தக் காலத்தில் நம் நாட்டில் வெளிநாட்டுப் பொருள் இறக்குமதிக்குக் கடுமையான கட்டுப்பாடு. பொம்மையெல்லாம் கேட்கவே வேண்டாம். ஆகவே 1960-களின் பிற்பகுதியில், விற்பனை ஓய்ந்துபோன டிங்கி மாடல்களின் டைகளே கப்பலேறி இந்தியா வந்தன. கல்கத்தாவில் எஸ். குமார் அண்ட் கோ என்ற நிறுவனம் அவற்றைக் கொண்டு வார்த்து, 'நிக்கி டாய்ஸ்' என்று விற்றது. ஆக, என் கார் டூப்ளிகேட் அல்ல. அதே டை. அதே வாயிலிருந்து வந்த இரண்டாவது பிள்ளை.

இதில் நம் மெட்ராஸுக்கும் பங்குண்டு. டிங்கியின் 'டிரையம்ஃப் விடெஸ்' காருக்கு முகத்தில் சாய்ந்த நாலு விளக்கு. கல்கத்தாவில் அதையே 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்று பெட்டியில் போட்டுவிட்டார்கள். 1961 முதல் மெட்ராஸ் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆலையிலிருந்து வந்த அசல் ஹெரால்டுக்கு இரண்டே விளக்கு. வீட்டில் ஹெரால்டு வைத்திருந்த எந்தப் பையன் இதைக் கண்டுபிடித்துச் சண்டை போட்டானோ!

நிக்கி பொம்மைகளில் ஒரே மாடல் பல நிறங்களில் கிடைக்கிறது. சிலவற்றில் டிங்கி பெயர் அரைகுறையாக அழிக்கப்பட்டிருக்கும். உலகெங்கும் சேகரிப்பவர்கள் துரத்துவது இந்த வேறுபாடுகளைத்தான். ஹாட் வீல்ஸ் 1968-ல் தொடங்கியபோது வந்தவை 16 மாடல்கள். அதன் ரசிகர்களுக்கு உச்சம், பின்கண்ணாடி வழியே அலைப்பலகை செருகிய இளஞ்சிவப்பு 'பீச் பாம்' வேன். சோதனைக்காகச் செய்து கைவிட்ட மாதிரி அது. நம் நாட்டில் லியோ நிறுவனம் மேட்டலோடு சேர்ந்து செய்த ஹாட் வீல்ஸ்களையும் விநோத நிறங்களுக்காகவே வெளிநாட்டில் தேடுகிறார்கள்.

இப்போது நான் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு டை-காஸ்டிங் ஆலையில் வேலை செய்கிறேன். தினமும் பார்ப்பது இதுதான்: டை சூடாகி, குளிர்ந்து, மீண்டும் சூடாகி, முகத்தில் நுண்ணிய வெடிப்பு விடும். உலோகம் அதற்குள் புகுந்து, வார்ப்பின் மேல் முடி போன்ற கோடுகளாக எழும்பும். டைக்கு வயதாக ஆகக் கோடுகள் தடிக்கும். கோட்டை வைத்தே இது முன்னது, அது பின்னது என்று வரிசைப்படுத்திவிடலாம். எங்களுக்கு ரிஜெக்ஷன், சேகரிப்பவருக்கு ஆதாரம். பொம்மைக் கார் உலோகம் துத்தநாகம், சுமார் 4 சதவீதம் அலுமினியம். அதில் ஈயம் துளி கலந்தாலும் ஆண்டுகள் கழித்து உள்ளிருந்தே வெடித்து உதிரும். போருக்கு முந்தைய டிங்கிகள் பல அப்படியே பொடியாகிவிட்டன.

பாவத்துக்கு வருகிறேன். காரை 'அசல்' ஆக்கிவிட வேண்டும் என்று எனக்கு வெறி. டயர்களைக் கழற்றிவிட்டு, ஐஸ்கிரீம் டப்பாவில் காஸ்டிக் சோடா கரைசலில் ராத்திரி முழுக்க ஊறவைத்தேன். துத்தநாகம் அமிலத்திலும் கரையும், காரத்திலும் கரையும் என்று முதலாண்டு கெமிஸ்ட்ரியில் படித்துத் தேர்வும் எழுதியவன்தான் நான். காலையில் பெயிண்ட் இல்லை. ஆனால் உடம்பெல்லாம் அம்மைத் தழும்பு. அந்த மெல்லிய கோடுகள் இருந்தனவா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. அதோடு விட்டேனா? அடிப்பக்கத்து 'நிக்கி'யை ஒர்க்‌ஷாப் அரத்தால் தேய்த்து எடுத்தேன். கல்கத்தாக்காரர் டிங்கியை அழித்தார், நான் அவரை அழித்தேன். பிறகு இங்கிலாந்துப் பந்தயப் பச்சையை ஸ்பிரே செய்து அலமாரியில் வைத்தேன். எல்லோரும் பாராட்டினார்கள்.

நிக்கியின் கதை எனக்குத் தெரிந்தது படிப்பு முடிந்து நான்கு ஆண்டுகள் கழித்து. அடுத்த வாரமே ஆம்பூர் போனேன். கடை இருந்த இடத்தில் செருப்பு ஷோரூம்.

நம் பக்கத்துப் பல வீடுகளில் தாத்தாவோ அப்பாவோ தோல் வியாபாரமாகக் கல்கத்தா போய் வந்தவர்கள். பரண்மேல் பழைய பொம்மைப் பெட்டி இருந்தால் இறக்கி, காரைத் திருப்பி அடிப்பக்கம் பாருங்கள். பெயிண்ட் உரிந்திருந்தாலும் அப்படியே இருக்கட்டும். நிக்கியாக இருந்தால் எனக்குத் தர வேண்டாம், ஒரு போட்டோ எடுத்து அனுப்பினால் போதும். சங்கத்து விழாவன்று என் காரையும் கொண்டுவருகிறேன். அதில் மிச்சமிருப்பது டயர்கள் மட்டும்தான், அவை இன்னும் கல்கத்தாவுடையவை.