ஜாடியில் வெளுத்த பச்சை

மரகத மரபோவா என்னும் பச்சைப் பாம்பை வளர்ப்பவர்களுக்கு அதன் முதுகுக்கோடுதான் ஜாதகம். வெள்ளைக் கோடு முதுகு நெடுக அறுபடாமல் ஓடினால் அது ‘பேசின்’, அதாவது அமேசான் படுகைப் பாம்பு. வெள்ளை துண்டுதுண்டாக நின்றால் ‘நார்தர்ன்’. முன்னதற்கு விலை எப்போதும் ஒரு படி மேல். வியாபாரிகள் இப்படிப் பிரித்து விலை வைத்த காலத்தில், அறிவியல் ஏடுகள் இரண்டையும் ஒரே இனமென்றே எழுதிக்கொண்டிருந்தன.

தென் அமெரிக்காவில் கால் வைக்காத லின்னேயஸ் 1758இல் இதற்குப் பெயர் வைத்தார். பிறகு ஹென்றி பேட்ஸ் 1848 முதல் 1859 வரை அமேசானிலேயே கிடந்து பூச்சியும் பறவையும் பாம்புமாகச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார். பிரிட்டிஷ் மியூசியத்தின் ஜான் எட்வர்ட் கிரே, மேல் அமேசானிலிருந்து வந்த பாம்பைத் தனி இனமாகக் கருதி, 1860இல் பேட்ஸின் பெயரையே சூட்டினார். பின்வந்தவர்கள் அதைப் பழைய பெயருக்குள் கரைத்துவிட்டார்கள்.

அவர்களை முழுக்கக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நான் விலங்கியல் நடத்திய கல்லூரியில் ஒரு கண்கொத்திப் பாம்பு ஸ்பிரிட் ஜாடியில் இருந்தது. வேலியில் தளிர்ப் பச்சையாக நெளியும் அதே பாம்பு, ஜாடிக்குள் மங்கிய நீலம். மாணவர்கள் வேறு பாம்பு என்றே நினைப்பார்கள். விஷயம் எளிது: தோலின் மேலடுக்கில் மஞ்சள் நிறமி, அதன் கீழே, ஒளி சிதறுவதால் மட்டுமே தெரியும் நீலம். இரண்டும் சேர்ந்துதான் பச்சை. சாராயம் மஞ்சளைக் கரைத்துக்கொண்டு போக, நீலம் மிஞ்சுகிறது. வாழ்நாளெல்லாம் ஜாடிகளையே பார்த்தவர்கள் நிறத்தை நம்பாமல் போனதில் வியப்பில்லை. வளர்ப்பவர்களோ உயிருள்ள பாம்பைத் தினமும் கண்ணாடிக்குள் பார்த்தார்கள்.

2009இல்தான் ஆய்வாளர் ராபர்ட் ஹெண்டர்சனும் இரண்டு பிரேசில்காரர்களும் கிரேயின் இனத்தை மீட்டார்கள். சுரினாம், கயானா, பிரெஞ்சு கயானா உள்ளிட்ட கயானா மேட்டுப் பகுதியில் ஒன்று, அதாவது ‘நார்தர்ன்’. கொலம்பியா, பெரு, பொலிவியா எனப் பரந்த அமேசான் படுகையில் மற்றொன்று. படுகைப் பாம்பின் மூக்கின்மேல் செதில்கள் சிறியவை, நிறைய. மற்றதற்குப் பெரியவை, கொஞ்சம். செதிலை எண்ணப் பச்சை நிறம் வேண்டியதில்லை, ஜாடியே போதும். அதற்கும் 149 வருடம் ஆயிற்று!

அதற்காக வளர்ப்பவர்களின் கண்ணுக்கு முழு மதிப்பெண் போட மாட்டேன். மரகத மரபோவாவின் குட்டிகளில் செங்கல் நிறமும் உண்டு, பச்சையும் உண்டு. சிவந்தவை வளர வளரப் பச்சையாகும். அதன் உறவான அமேசான் மரபோவாவில் ஒரே தாய் ஈன்ற குட்டிகளிலேயே மஞ்சள், சிவப்பு, சாம்பல், பழுப்பு எல்லாம் வரும். இவை ஆயுசுக்கும் பச்சையாவதில்லை. வியாபாரம் இவற்றையும் சும்மா விடவில்லை: மஞ்சளும் சிவப்பும் ‘கலர்டு’, சாம்பலும் பழுப்பும் ‘கார்டன்’ என்று இரண்டு விலை. ஒரே வயிற்றுப் பிள்ளைகளுக்கு இரண்டு சாதி.

ஊர்ப் பெயரின் கதை இதைவிட மோசம். ‘சுரினாம்’, ‘கயானா’ என்று சீட்டு ஒட்டி வருகிற பாம்புக்கு அது பெரும்பாலும் ஏற்றுமதி ஆன நாட்டின் பெயர்தான். எந்த ஆற்றங்கரையில், எந்தக் கிளையில் பிடித்தார்கள் என்று அந்தச் சீட்டில் இருக்காது. பேட்ஸ் அனுப்பிய சரக்கில் மேல் அமேசான் என்றாவது இருந்தது.